பாவனைக்கு உதவாத தட்டுப் பவளம், ஒன்று

எங்கள் ஆய்வுகூடத்தின் பொருட்பதிவேடு கணினிக்குள் போய்விட்டதாம். இப்போது அங்கே பொறுப்பிலிருக்கும் இளம் உத்தியோகத்தர் சென்ற மாதம் தொலைபேசியில் சொன்னார். பழுதான பொருளை நீக்க இனிச் சபை கூட வேண்டியதில்லை, மூன்று பிரதியில் படிவம் வேண்டியதில்லை, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். "உங்க காலத்துல எவ்வளவு நேரம் வீணாப் போயிருக்கும், சேர்" என்று என்மேல் இரக்கப்பட்டார்.

நிறையவே வீணாய்ப் போனது. அதில் ஒரு வருடத்துக்குச் சற்று மேலான காலம் வீணான விதத்தை இங்கே எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருட அரச சேவையில் என் மேசையில் நடந்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். அதுவும் நான் எதையும் செய்து முடிக்காததால் நடந்தது.

நான் யாழ்ப்பாணத்தவன். இரசாயனத்தில் பட்டம் பெற்று, குடிநீர் வழங்கும் திணைக்களமொன்றில் சேர்ந்து, கண்ணாடிக் குழாயால் அமிலத்தை உறிஞ்சும்போது அது வாய்க்குள் வராமல் பார்த்துக்கொள்ளும் வித்தையை இரண்டு வருடம் கொழும்பில் பயின்று, மாத்தளைக்கு அனுப்பப்பட்டேன். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஊருக்கு மாற்றம் கேட்டேன். நாட்டு நிலைமை காரணமாகத் தர இயலாது என்று பதில் வந்தது. சில வருடங்கள் கழித்து, நாட்டு நிலைமை காரணமாக அங்கே ஆளில்லை, உடனே புறப்படுக என்று கடிதம் வந்தது. அப்போது நான் இயலாது என்றேன். இரண்டு கடிதங்களும் என் கோவையில், ஒரே கடிதக் கட்டில், அடுத்தடுத்துக் கிடந்தன. யாரும் ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆகவே மாத்தளையிலேயே தங்கிவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்கு மேலதிகாரியாக வந்தவர் பொறியியலாளர் ரந்தெனிய. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவர் கட்டளைகள் எல்லாம் பென்சிலில் வரும். கோவையின் ஓரத்தில், மிக மெல்லிய கோடுகளாக, ஊதினால் பறந்துவிடும்போல எழுதுவார். அதைப் படித்து நாங்கள் மையில் குறிப்பு எழுதிக் கையொப்பமிட வேண்டும். காரியம் நன்றாக முடிந்தால் பென்சில் எழுத்து நிற்கும். பிசகினால் மறுநாள் அந்த இடத்தில் கடதாசி மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கும். அவரிடம் நல்ல அழிறப்பர் ஒன்று இருந்தது. வெளிநாட்டுச் சாமான்.

அவர் மையில் ஒப்பமிட்டதை நான் ஒரேயொரு முறை கண்டேன். அது தட்டுப் பவளத்துக்காக.

நகரத்துக்கு மேலே மேட்டில் இருந்த உத்தியோக வாசஸ்தலத்தின் முன்மண்டபத்தில் அவர் ஆறடி நீளத்தில் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருந்தார். சிலாபம் பக்கத்தில் அலங்கார மீன் வியாபாரம் செய்த மைத்துனர் ஒருநாள் அவருக்கு அந்தப் பவளத்தைக் கொண்டுவந்து காட்டினார். எங்கள் ஊரில் முருகைக்கல், அதாவது பவளக்கல், என்றால் மதில் கட்டுவதற்கும் சுண்ணாம்பு சுடுவதற்கும் உரியது. உயிரோடு ஒன்றை நான் முதன்முதலில் பார்த்தது, கடலே இல்லாத மாத்தளையில். ஓர் அப்பத்தின் அளவு. நடுவில் கீறல்போல ஒரு வாய். அதிலிருந்து விளிம்புவரை காளானின் அடிப்புறம்போல வரிவரியாகத் தகடுகள். நீர் நன்றாக இருந்தால் பச்சைச் சதை உப்பி, சின்ன விரல்களை நீட்டும். கல்லில் ஒட்டி வாழும் சாதியல்ல இது. தனியாக மணலில் கிடக்கும்.

துரைக்கு, ரந்தெனியவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், அது உடனே வேண்டியிருந்தது. ஆய்வுகூடத்தின் பெயரில் வாங்கலாம் என்று பென்சில் சொன்னது. நான் எழுதிய பதிவு இது: "நீரின் தரத்தை உணர்த்தும் உயிரினம்: தட்டுப் பவளம், உயிருடன், ஒன்று. இருக்குமிடம்: வாசஸ்தல முன்மண்டபம்." உயிருள்ள பொருளுக்கு அதிகாரியின் மை ஒப்பம் தேவை என்றேன். அவசரத்தில் போட்டுவிட்டார். எங்கள் குழாய் நீர் ஒரு கோப்பை பட்டாலே செத்துவிடும் பிராணி எங்கள் குழாய் நீரின் தரத்தை எப்படி உணர்த்தும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படியொரு கேள்விக்குப் படிவம் இல்லை.

பொறுப்பாளர் என்ற இடத்தில் முத்தையாவின் ஒப்பம் வாங்கப்பட்டது. அவர் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் வரும் அமைய ஊழியர், அதாவது நிரந்தரமில்லாத நாட்சம்பள ஆள். நாற்பது வயது இருக்கும். ஒன்பது வருடமாக அமையம். ஒரு வருடம் முறிவில்லாமல் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று சுற்றறிக்கை இருந்தது. ஆகவே எங்கள் அலுவலகத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அமைய ஊழியர்களை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பி, எட்டாம் நாள் புதிதாகச் சேர்ப்பது வழக்கம். வரவு இடாப்பில் அந்த வாரத்துக்குச் சிவப்புக் கோடு விழும். அதை 'பிரேக்' என்பார்கள். முத்தையா பதினெட்டு முறை புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். அவர் மனைவி கொழுந்து பறித்தார். மனைவியின் பெயர் தோட்டத்து இடாப்பில் வெட்டுப்பட்டால், அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பிராவும் போய்விடும். அதற்குள் முத்தையாவுக்கு நிரந்தரக் கடிதம் கிடைக்க வேண்டும். கிடைத்தால் ஊழியர் விடுதியில் ஓர் அறை. இல்லாவிட்டால் குடும்பம் ரோட்டில்.

"இத நல்லாப் பாத்துக்க, முத்தையா. நல்லா இருந்தா ஒனக்கு நான் கடிதம் எழுதுறேன்" என்று துரை தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். சொன்னது வாயால். பென்சிலால்கூட இல்லை.

முத்தையா பார்த்துக்கொண்டார். நகரத்தின் குடிநீரை நான் நாளுக்கு ஒருமுறை சோதித்தேன். அந்தத் தொட்டியை இரண்டு முறை. உப்பின் செறிவு, வெப்பம், அமிலத்தன்மை. தொட்டியில் நீர் குறைந்தால் கடல்நீர் ஊற்றத் தோன்றும். அது பிழை. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே இருக்கும். நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். குளோரின் இல்லாத தண்ணீருக்காக முத்தையா பின்மலை ஊற்றிலிருந்து வாளியில் சுமந்தார். ஊருக்கே குளோரின் போடுகிறவர்களின் தலைவர் வீட்டில் குளோரின் ஆகாது. தீனி, நகத்தளவு நறுக்கிய இறால், வாரம் இருமுறை, பிற்பகல் நாலு மணிக்கு. நீரோட்ட மோட்டாரை நிறுத்திவிட்டு, வாய்க்குப் பக்கத்தில் கண்ணாடிக் குழாயால் மெல்ல விட வேண்டும். விரல்கள் அதைப் பிடித்து வாய்க்குத் தள்ள அரைமணி நேரம் ஆகும். இடத்தை மாற்றுவதென்றால் உப்பியிருக்கும்போது தூக்கக்கூடாது. நீரைக் கையால் அசைத்து, அது சுருங்கிய பிறகு, அடியில் உள்ளங்கையைக் கொடுத்து எடுக்க வேண்டும். உப்பிய சதை தன் எலும்புத் தகட்டிலேயே வெட்டுப்பட்டுவிடும். மின்வெட்டுக் காலத்தில் முத்தையா ஒரு கோப்பையால் தொட்டி நீரை மொண்டு மேலிருந்து ஊற்றி ஊற்றிக் காற்றூட்டினார். மூன்று மணி நேரம் கை ஓயாமல் ஊற்றியதைக் கண்டிருக்கிறேன்.

கடல்நீர் சிலாபத்திலிருந்து மாதம் ஒருமுறை லொறியில் வரும். லொறி ஓடுவதற்கு உத்தியோகக் காரணம் வேண்டும். ஆகவே மூன்று இரும்புக் குழாய்களைக் கலேவெலவுக்கு எடுத்துச் செல்வதாக எழுதிப் புறப்பட்டு, சிலாபம் போய், திரும்பும் வழியில் கலேவெலவைத் தொட்டுவிட்டு வருவோம். குழாய்களை இறக்குவதில்லை. அடுத்த மாதமும் வேண்டுமே. திணைக்களத்தில் அதிகம் பயணம் செய்தவை அந்த மூன்றும்தான்.

ஒருமுறை கலேவெலவுக்கு முன்னால் இராணுவம் லொறியை மறித்தது. பின்னால் பன்னிரண்டு கேன்கள். லொறியில் மூன்று பேர், அதில் இரண்டு தமிழர். துரையின் கடிதத்தை நீட்டினேன். "இதைக் கொண்டுவருபவர் விஞ்ஞானத் தேவைக்காகக் கடல்நீர் எடுத்துச் செல்கிறார்" என்று மும்மொழியிலும் இருந்தது. அதைப் படித்த பிறகுதான் சிப்பாய்க்கு உண்மையான சந்தேகம் வந்தது.

"முஹுது வத்துர? கடல் தண்ணியா? மாத்தளைக்கு?"

"ஒவ்" என்றேன் சிங்களத்தில்.

"மாத்தளையில் கடல் தண்ணி யாருக்கு?"

உண்மையைச் சொன்னால் விபரீதம். அப்பம் போன்ற ஒரு பிராணிக்கு என்று துப்பாக்கியின் முன் சொல்ல எனக்கு நா எழவில்லை. சிப்பாய் ஒரு கேனைத் திறந்து முகர்ந்தார். மூடியில் நிறைய ஊற்றி முத்தையாவிடம் நீட்டினார். "குடி."

முத்தையா குடித்தார். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. இரண்டாவது கேனிலிருந்தும் ஊற்றினார். அதையும் குடித்தார். மூன்றாவதுக்குச் சிப்பாய்க்கே மனம் வரவில்லை. "போ, போ" என்று வீதித் தடையின் தடியை உயர்த்தினார். அடுத்த வளைவு திரும்பியதும் முத்தையா லொறியை நிறுத்தச் சொல்லி, பற்றைப் புதருக்குள் குனிந்து எல்லாவற்றையும் கக்கினார். திரும்பி வந்து ஏறிக்கொண்டு சொன்னார்:

"இதுக்குள்ளாற கெடந்துக்கிட்டு எப்படிங்கய்யா அது சிரிச்சமாதிரி இருக்குது?"

இப்படிக் காப்பாற்றிய பவளத்தைத் துரையின் கௌரவம் கொன்றது. மேலிடத்திலிருந்து ஒருவர் விருந்துக்கு வரவிருந்தார். தொட்டியைச் சுற்றிப் பார்த்த துரை, "இவ்வளவு அரிய பொருள் கீழே மண்ணிலா கிடப்பது?" என்று கேட்டு, சட்டைக் கையை மடித்து, தானே அதைத் தூக்கி நடுவிலிருந்த பாறையின் உச்சியில் வைத்தார். அது உப்பியிருந்த நேரம்.

மறுநாள் காலை அது மணலில் கிடந்தது. தட்டுப் பவளம் உப்பி உப்பி நகரும். விரும்பாத இடத்திலிருந்து தானே இறங்கிவிடும். துரை திரும்ப உச்சியில் வைத்தார். அது திரும்ப இறங்கியது. மூன்றாம் முறை அவர் வைக்கும்போது முத்தையா பக்கத்தில் நின்றார். அமைய ஊழியர் துரையிடம் ஒன்றும் சொல்வதில்லை. என்னிடம் வந்து சொன்னார்.

"ஐயா, அதுக்குக் கீழ இருக்கத்தாங்க புடிக்குது. தொரைகிட்ட நீங்களாச்சும் சொல்லுங்களேன்."

"எழுதி அனுப்பிறன், முத்தையா" என்றேன். எழுதியும் அனுப்பினேன். குறிப்பு கிடைத்ததாகப் பென்சிலில் பதில் வந்தது. நேரில் போய்ச் சொல்ல முன்மண்டபம் இருபது நிமிட நடை. நான் நடக்கவில்லை.

மூன்றாம் முறை அது பாறையின் கூரில் உரசி விழுந்தது. விளிம்பில் சதை கிழிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. வெள்ளை நாளுக்கு நாள் உள்ளே பரவியது. நீரை மாற்றினோம், ஓட்டத்தைக் குறைத்தோம். மூன்றாவது வாரம் வாயும் போய், சுத்தமான வெள்ளைத் தட்டு ஒன்று மணலில் கிடந்தது. அதற்கு மறுநாள் கோவை வந்தது. ஓரத்தில்: "முத்தையாவின் கவனக்குறைவு. வரும் பிரேக்குடன் நிறுத்துக. பொருளை வீசிவிடுக."

முத்தையா என் மேசைக்கு முன் நின்றார்.

"நானாங்கய்யா கொன்னேன்?"

"இல்லை."

"அப்ப அதை எழுதுங்க."

"எழுதினால் துரை கொன்றார் என்றாகும். அதை எழுத இந்த அலுவலகத்திலை மை இல்லை, முத்தையா."

அவர் சிரிக்கவில்லை. "பேனா நெறைய வச்சிருக்கீங்க" என்றார். பிறகு, "வீட்டுல இன்னும் சொல்லலீங்க" என்றார்.

வாசகர்கள் என்னை நல்லவனாக நினைக்க வேண்டாம். அன்று நான் பொருட்பதிவேட்டைத் திறந்தது முத்தையாவுக்காக அல்ல. "நீரின் தரத்தை உணர்த்தும் உயிரினம்" என்று எழுதியவன் நான். அதை வீசிவிட்டு, பின்னர் யாராவது எங்கே என்று கேட்டால், பென்சில் அழிந்துவிடும், என் மை நிற்கும். என் கழுத்தைக் காக்கத்தான் பக்கங்களைப் புரட்டினேன். புரட்டும்போது பொறுப்பாளர் என்ற இடத்தில் முத்தையாவின் கோணல் ஒப்பத்தைக் கண்டேன். பழி கீழே போக வேண்டும் என்பதற்காக வாங்கிய ஒப்பம். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தேன். இந்த முறை நடந்தேன்.

துரையும் நானும் ஆங்கிலத்தில்தான் பேசுவோம்.

"வீச முடியாது, சேர். பதிவேட்டில் உயிருடன் ஒன்று என்று இருக்கிறது. பொருள் காணாமல் போனால் அது இழப்பு. இழப்புக்கு விசாரணை. பழுதானால் பொருள் மதிப்பீட்டுச் சபை. சபை வந்து பார்க்கும்வரை அது இருந்த இடத்தில், இருந்தபடியே இருக்க வேண்டும்."

"சிவஞானம், அது ஒரு எலும்பு."

"சபை அப்படி முடிவு செய்தால் எலும்புதான்."

"இருந்தபடியே என்றால்?"

"கடல்நீரில், சேர். வெளிச்சத்தோடு. மோட்டார் ஓட."

அவர் பென்சிலை எடுத்தார். எங்கே எழுதுவது என்று தெரியவில்லை, வைத்துவிட்டார். "அந்த ஆளையாவது நிறுத்துங்கள்."

"நிறுத்தலாம். இன்னொருவர் பொருளைப் பொறுப்பேற்று ஒப்பமிட்ட மறுநிமிடம்."

ஒருவரும் ஒப்பமிடவில்லை. காவலாளி, சாரதி, எழுதுவினைஞர் எல்லோரிடமும் முறைப்படி கேட்டு, மறுத்ததைக் குறித்துக்கொண்டேன். "செத்ததுக்கு நான் கையெழுத்துப் போட்டா, கொன்னதும் நானாயிடும், சேர்" என்றார் சாரதி. எங்கள் அலுவலகம் முப்பது வருடத்தில் கற்றுத்தந்த பாடத்தை அவர் ஒரே வரியில் சொன்னார். பிரேக் வாரம் வந்தது. "பொறுப்பை ஏற்க ஆளில்லை, தொடர்ந்து பணியிலிருக்க வேண்டியது அவசியம்" என்று எழுதினேன். சிவப்புக் கோடு விழவில்லை.

இனித் தாமதம் வேண்டும். தாமதத்தில் எங்களை வெல்ல ஆளில்லை. முதல் சபைத் தலைவர் அனுராதபுரத்திலிருந்து வரவேண்டியவர். வீதி மூடியிருந்தது. இரண்டாமவர் ஓய்வு பெற்றுவிட்டார். மூன்றாமவர், உயிரினத்தின் சாவுக்கு மிருக வைத்தியரின் சான்று வேண்டும் என்றார். வைத்தியர், நாடி உள்ள பிராணிகளுக்கு மட்டுமே தாம் சான்று தர முடியும் என்று பதில் போட்டார். ஒவ்வொரு கடிதத்துக்கும் நான் அடுத்த நாளே பதில் எழுதினேன். விளக்கம் கேட்டு. முத்தையா செத்த எலும்புக்கு ஊற்றுநீர் சுமந்தார். உப்பு அளந்தார். மூன்று குழாய்களும் கலேவெல போய்வந்தன.

ஏழாம் மாதமோ எட்டாம் மாதமோ முத்தையா வேகமாக வந்தார்.

"ஐயா, எலும்புல என்னமோ மொளைச்சிருக்குதுங்க."

"பாசியாயிருக்கும்."

"பாசிக்கு வாய் இருக்குமாங்க?"

போய்ப் பார்த்தேன். வெள்ளைத் தகடுகளுக்கிடையில் மிளகளவில் பச்சைப் புள்ளிகள். பெருக்குக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு கீறல், வாய். எலும்பின் இடுக்கில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த சதைத் துணுக்குகள் இத்தனை மாதம் பொறுமையாக இருந்திருக்கின்றன. அவற்றுக்குத் தேவையாயிருந்ததெல்லாம், யாரும் தொடாத, யாரும் முடிவெடுக்காத, ஒழுங்காக உப்பு அளக்கப்பட்ட நீண்ட காலம். அதைத் தரக்கூடிய நிறுவனம் இந்த நாட்டில் எங்களைத் தவிர வேறில்லை. ஓரிரு மாதத்தில் காம்பு வைத்துச் சின்னக் காளான்கள்போல நின்றன. எண்ணினேன். பதினொன்று.

துரை விருந்தினரைக் கூட்டிவந்து காட்டத் தொடங்கினார். கோவையைப் பார்த்தேன். "கவனக்குறைவு" இருந்த இடத்தில் கடதாசி தேய்ந்திருந்தது.

அப்போது பார்த்துச் சபை வந்தது. முத்தையாவுக்கு முறிவில்லாமல் ஒரு வருடம் நிறைய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. சபை அன்றே கையெழுத்திட்டால் பொறுப்பு முடியும், பிரேக் விழும். தலைவர் கணக்காளராக இருந்தவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பவர். தொட்டிக்கு முன் நெடுநேரம் நின்றார்.

"பதிவேட்டில் ஒன்று. இங்கே பன்னிரண்டு."

"ஒன்று செத்தது, சேர். பதினொன்று மேலதிகம்."

"மேலதிகத்துக்கு வழங்கற் சீட்டு எங்கே?"

"இல்லை, சேர். பிறந்தது."

அவர் படிவத்தைப் பார்த்தார். பாவனைக்கு உகந்தது, திருத்தக்கூடியது, பாவனைக்கு உதவாதது என்று மூன்று பத்திகள். "பிறந்ததை எதில் எழுதுவது?"

"அதற்குத் தனி விசாரணை உண்டு, சேர். பொருள் குறைந்தால் எப்படியோ, கூடினாலும் அப்படித்தான். விசாரணை முடியும்வரை பொறுப்பாளர் மாறக்கூடாது."

அவருக்கு நிம்மதியாக இருந்தது. "பாவனைக்கு உதவாதது, ஒன்று, மேலதிகம் பதினொன்று, விசாரணைக்கு" என்று எழுதிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார். அந்த விசாரணை எனக்குத் தெரிய இன்னும் முடியவில்லை.

ஐந்து வாரம் கழித்து வரவு இடாப்பைச் சுற்றறிக்கையோடு இணைத்துத் தலைமையகத்துக்கு அனுப்பினேன். துரையின் சிபாரிசு தேவைப்படவில்லை. இடாப்பில் சிவப்புக் கோடு இல்லை, அவ்வளவுதான். கடிதம் வந்த நாளில் முத்தையா அதை இருமுறை படித்தார்.

"இனிமே பிரேக் இல்லீங்களா, ஐயா?"

"இல்லை."

"காம்பிரா?"

"விடுதிக்கு விண்ணப்பம் எழுதி வைச்சிருக்கிறன். ஒப்பம் வையும்."

ஒப்பம் வைத்தார். முன்னையதைப் போலவே கோணல். பிறகு மணியைப் பார்த்து, நாலாகுது, இறால் வைக்கணும் என்று எழுந்துபோனார்.

துரைக்கு அடுத்த மாதம் கொழும்புக்கு மாற்றம். தொட்டியைப் பவளங்களோடு கொண்டுபோக விரும்பினார். ஒரேயொரு இடத்தில் அவருடைய மை ஒப்பம் குறுக்கே நின்றது. பவளம் அரச பொருள். "ஏதாவது வழியுண்டா, சிவஞானம்?" என்று மிக மெதுவாகக் கேட்டார். விசாரணை முடியட்டும் சேர் என்றேன்.

பிரியாவிடை சொல்லத் தொட்டிக்கு முன் மூவரும் நின்றோம். அன்று காலைதான் முதல் காளான் காம்பிலிருந்து கழன்று, ஒரு சட்டைப் பொத்தானளவு தட்டாக மணலில் இறங்கியிருந்தது. துரை அதைக் கண்டார். முகம் மலர்ந்தது. சட்டைக் கையை மடிக்க மறந்து, நீருக்குள் கையை விட்டு, அதை எடுக்க விரலைக் குவித்தார். பார்வை பாறையின் உச்சியில் இருந்தது.

"வேணாங்க, தொரை" என்றார் முத்தையா. குரல் உயரவில்லை. "அது கீழதாங்க இருக்கும்."

பத்து வருடச் சேவையில் அவர் ஒரு துரையிடம் வாயைத் திறந்து சொன்ன முதல் வாக்கியம் அது. துரை என்னைப் பார்த்தார். நான் பாறையைப் பார்த்தேன். அவர் கையை வெளியே எடுத்தார். முழங்கைவரை நனைந்திருந்தது.

துவாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஆய்வுகூடத் துவாய், பதிவேட்டில் உள்ளது. துடைத்து முடித்ததும் திருப்பி வாங்கிக்கொண்டேன்.